மலையேறிய குக்கர்

குக்கருக்குள் நீராவி முட்ட ஆரம்பித்த பிறகுதான் கொட்டேஷனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. மலையில் ஒரு விசில் எவ்வளவு தூரம் கேட்கும்?

கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்க வேண்டிய சந்தேகம். ஆனால் அவர் இருந்த பசியில் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. விடுதிக்குப் பின்பக்கம், ஆட்டுக்கொட்டகையின் கல்சுவரை ஒட்டிக் குந்தியிருந்தார். எதிரே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன கேஸ் அடுப்பு. அதன் மேல் வீட்டிலிருந்து சுமந்து வந்த குக்கர். உள்ளே அரிசியும் பருப்பும். மத்தியான நேரம்தான் என்றாலும் பனிமூட்டம் இறங்கி, நாலடி தள்ளி இருப்பது தெரியவில்லை. திருட்டுத்தனத்துக்கு இதைவிட நல்ல வேளை அமையாது என்று நினைத்துத்தான் அடுப்பைப் பற்றவைத்தார்.

விடுதிக் கூடத்தில் கணப்படுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மனைவி சூடாக சூப் குடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பொறுத்தவரை கணவருக்கு வயிறு சரியில்லை. ஆகவே அவர் கக்கூஸில் இருக்கிறார். குக்கரோ இரண்டு ஊருக்குக் கீழே, கைக்குழந்தையோடு நின்ற ஓர் ஏழைப் பெண்ணின் வீட்டில் இருக்கிறது.

இதில் எதுவுமே உண்மையில்லை.

கொட்டேஷன் என்பது அவருடைய பெயரும் இல்லை. தண்ணீர் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருப்பவர். துடைப்பம் வாங்குவதாக இருந்தாலும் மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி, அதில் குறைந்ததை எடுத்து, அதையும் குறைக்கச் சொல்லிக் கேட்பவர். ஆபீஸில் வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அதைச் செலவில்லாமல் கிடைத்த பட்டமாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

மலைக்குப் போக வேண்டும் என்பது மனைவியின் ஆசை. கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு கணவாயில் ஏறி நின்று, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். "அந்தப் பக்கமும் மலைதான் இருக்கும்" என்று சொல்லியே அவர் வருஷக்கணக்காகச் சமாளித்தார். முழங்கால் வலிக்கு முதல் மாத்திரை வாங்கி வந்த அன்று, அவள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். ஏற்பாடெல்லாம் அவர் கையில்.

அவர் கையில் என்றால் வழிகாட்டி கிடையாது, சுமை தூக்க ஆள் கிடையாது, பஸ்ஸில் கடைசி வரிசை. முதுகுப்பைகள்கூட மச்சான் வீட்டுப் பரணிலிருந்து இறக்கியவை.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று, சாப்பாட்டைத் தவிர. அந்த மலைப்பாதை விடுதிகளில் ஒரு வழக்கம். அறைக்கு வாடகை என்று பெரிதாக எதுவும் வாங்க மாட்டார்கள். ஆனால் தங்குகிறவர்கள் அங்கேயே சாப்பிட வேண்டும். பாதிச் செய்தியைப் படித்துவிட்டு "தங்குறது ஓசி" என்று குதித்த கொட்டேஷன், மீதிச் செய்தியை முதல் விடுதியில் தட்டோடு சேர்த்துத்தான் தெரிந்துகொண்டார். மேலே ஏற ஏற ஒவ்வொரு வளைவிலும் சாப்பாட்டு விலையும் ஏறியது.

"எல்லாச் சாமானும் கழுதை முதுகுல ஏறி வருது சார்" என்றார்கள்.

"நானும்தான் ஏறி வந்திருக்கேன். எனக்கு யாரு விலையை ஏத்தினா?" என்றார் கொட்டேஷன்.

குக்கர் வெளியே வந்தது அதன் பிறகுதான். உயரம் போகப் போகச் சோறு வேகாது, குக்கர் இருந்தால்தான் வேகும் என்று யோசித்து முன்ஜாக்கிரதையாகக் கொண்டு வந்திருந்தார். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தார். சோறு நன்றாகவே வெந்தது. ஆனால் சாப்பாட்டுக் கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் இருந்தது ஒற்றைப் பலகைச் சுவர். விசில் வந்ததும் கூடமே கையில் கரண்டியோடு வந்து வாசலில் நின்று சிரித்தது. விடுதிக்காரர் சிரிக்கவில்லை. தூறலில் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஊர் வரைக்கும் மனைவி அவரோடு பேசவில்லை. அங்கே போய்ப் பேசினாள்.

"இன்னொரு தடவை அந்தக் குக்கர் சத்தம் என் காதுல விழட்டும். கணவாயும் வேணாம், நீங்களும் வேணாம். அங்கிருந்தே இறங்கி எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டே இருப்பேன்."

சொன்னால் செய்கிறவள். கொட்டேஷன் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அன்று சாயங்காலமே குக்கரை ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாக வந்து சொன்னார். மனைவி அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கும் குடுக்கற மனசு இருக்குன்னு இப்பத்தாங்க எனக்குத் தெரியுது."

அப்போது குக்கர் அவருடைய பைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

நாளைக் காலையில் கணவாய். இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர் இன்னும் ஒரு வேளை இருந்திருக்கலாம். ஆனால் இந்த விடுதியின் சுவரில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை. விடுதிக்கார அம்மா வந்தவர்களையெல்லாம் நிற்க வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, இவர் அந்த விலையைத்தான் வெறித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. இப்போது குக்கருக்கு எதிரே குந்தியிருக்கும்போது மீதிப் பாதி ஒவ்வொரு வார்த்தையாக நினைவுக்கு வந்தது.

"பையோட நெஞ்சுப்பட்டையில விசில் இருக்கும். அதை விளையாட்டுக்குக்கூட ஊதிடாதீங்க, மேல் விடுதி வரைக்கும் கேக்கும். இங்கே விசில் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். யாரோ உசிருக்குப் போராடுறாங்க."

கொட்டேஷன் குக்கரின் வெயிட்டைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். அதற்குள் விசில் வந்துவிட்டது.

வீட்டில் அடிக்கும்போது அது பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டதில்லை. இங்கே அது எதிர்ப்பாறையில் முட்டி, பக்கத்துச் சரிவில் திரும்பி, தலைக்கு மேலே எங்கேயோ சுற்றிவிட்டு, போன வேகத்திலேயே அவரிடம் வந்து சேர்ந்தது. விடுதிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது. நாற்காலி ஒன்று விழுந்தது.

"விசில்! விசில்!" என்று விடுதிக்கார அம்மாவின் குரல். தடதடவென்று கால்கள் ஓடின.

அடுப்பை அணைத்தார். ஆனால் உள்ளே இருந்த நீராவிக்கு அது தெரியவில்லை. மறுபடி சீறத் தொடங்கியது. கழுத்தில் கிடந்த ஈரத்துண்டை உருவி வெயிட்டின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கினார். விசில் நிற்கவில்லை. குரல்வளையை நெரிக்கும்போது மனிதன் கத்துவது போல, விட்டு விட்டு, ஈனமாக வந்தது.

"ஐயோ, மூச்சுத் திணறுது!" பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. அதே விடுதியில் தங்கியிருந்த ஒரு பல் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்த வழிகாட்டியின் குரல் அது. "டாக்டர், சீக்கிரம் வாங்க! நெஞ்சுல அடி போல இருக்கு!"

"வாயை நல்லாத் திறந்து வச்சுக்கச் சொல்லுங்க!" என்று பல் டாக்டர் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொல்லிக்கொண்டே ஓடிவந்தார்.

கொட்டேஷனுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. சுவரோரமாகக் குவிந்து கிடந்த பனியில் ஒரு பள்ளம் தோண்டி, குக்கரை அதற்குள் அமுக்கி, மேலே பனியை அள்ளிப் போட்டார். குக்கர் நீளமாக, வெகு நீளமாக, "உஸ்ஸ்ஸ்" என்று அடங்கியது.

"கடைசி மூச்சுங்க அது..." என்றது வழிகாட்டியின் குரல், உடைந்துபோய்.

கொட்டேஷன் அடுப்பைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, கக்கூஸ் பக்கமாகச் சுற்றிக்கொண்டு விடுதி வாசலுக்கு வந்தார். அங்கே அவர் மனைவி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். விடுதிக்கார அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் மனைவி எழுந்து ஓடிவந்து சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க! உசிரோடதான் இருக்கீங்களா?"

"எனக்கென்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"கக்கூஸ்ல போய்ப் பார்த்தோம். உங்களைக் காணோம். எங்கேயோ விழுந்துட்டீங்க, நீங்கதான் விசில் அடிக்கிறீங்கன்னு..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கேளுங்க, நான் எவ்வளவு பாவி. அந்தச் சத்தம் வந்ததும் முதல்ல நம்ம குக்கர்னு நினைச்சுட்டேன். சத்தியம் பண்ணின மனுஷன் மேல சந்தேகப்பட்டோமே, அதான் சாமி அவரை வாரிக்கிட்டுப் போயிடுச்சுன்னு அழுதேங்க."

கொட்டேஷனுக்கு வெட்கமாக இருந்தது. நிஜமான வெட்கம். உண்மை நுனிநாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அவள் அவர் சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது, உண்மை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

இதற்குள் வழிகாட்டியும் பல் டாக்டரும் கையில் கயிறோடு வந்து சேர்ந்தார்கள்.

"சார் இங்கே இருக்காரா? அப்போ விசில் அடிச்சது யாரு?" என்றான் வழிகாட்டி.

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். கடைசியில் அத்தனை பேரும் கொட்டேஷனைப் பார்த்தார்கள்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றார் அவர். சும்மா இருந்திருக்கலாம்.

"எந்தப் பக்கம் சார்? முதல்ல நாங்க உள்ளே இருந்தோம், வெளியே வந்தா எல்லாப் பக்கமும் எதிரொலி. திசை பிடிபடலை. நீங்கதான் வெளியே இருந்தீங்க."

குக்கர் கீழ்ப்பக்கம் புதைந்திருந்தது. ஆகவே அவர் விரல் மேலே காட்டியது. "அதோ, மேலே. கணவாய்ப் பக்கம்."

"அப்படின்னா நீங்களே முன்னால நடங்க சார். இந்த மூட்டத்துல காதுதான் கண்ணு."

"எனக்கு வயிறு..."

"போங்க" என்றாள் மனைவி. "ஒரு உசிருங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கேயே வாசல்ல நிக்கறேன்."

காலையிலிருந்து ஒரு பிஸ்கட்டும் அரை டம்ளர் டீயும் தவிர எதுவும் இறங்காத வயிற்றோடு, இல்லாத ஒரு மனிதனைத் தேடிக் கொட்டேஷன் மலை ஏறினார். பின்னால் வழிகாட்டி, அவன் பின்னால் பல் டாக்டர். பாதை செங்குத்தாக ஏறியது. பனியில் கால் முழங்கால் வரை புதைந்தது. இரண்டு திருப்பம் தாண்டியதும் அவர் நின்றார்.

"ஏம்ப்பா, ஒருவேளை ஏதாவது பறவையா இருக்குமோ?"

"இந்த உயரத்துல காக்காதான் சார் இருக்கு. காக்கா விசில் அடிக்குமா?"

இன்னும் கொஞ்சம் ஏறினார்கள்.

"எனக்கென்னமோ அவரே எழுந்து இறங்கிப் போயிருப்பார்னு தோணுது."

"கடைசி மூச்சை விட்டவர் எப்படி சார் இறங்கிப் போவார்?"

பல் டாக்டர் பின்னாலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "வயித்து வலியோட, யாருன்னே தெரியாத ஆளுக்காக இப்படி ஏறுறீங்களே. நீங்க பெரிய மனுஷன் சார்."

கொட்டேஷன் தலையைக் குனிந்துகொண்டு ஏறினார். ஏதாவது ஒரு பாறைக்குப் பின்னால் போய், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, வழிகாட்டியின் காலைப் பிடித்தாவது மனைவியிடம் மறைக்கச் சொல்லலாமா என்று யோசித்தார். அதற்கு எவ்வளவு கேட்பான், அதைக் குறைக்க முடியுமா என்றும் யோசித்தார்.

அப்போது விசில் கேட்டது.

கொட்டேஷன் அப்படியே உறைந்து நின்றார். அடுப்பு அவர் கோட்டுப் பைக்குள் இருக்கிறது. குக்கர் பனிக்குள் இருக்கிறது. அப்படியானால் இது அவருடைய மனசாட்சிதான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்று நினைத்தார்.

மறுபடியும் கேட்டது. மெலிதாக, மேலேயிருந்து.

"சார்!" வழிகாட்டி அவர் தோளில் ஓங்கித் தட்டினான். "காது சார் உங்களுக்கு! நீங்க கை காட்டின அதே இடம்!"

ஒரு பாறை இடுக்கில் விழுந்து கிடந்தார் அந்த ஆள். ஒரு கால் மடங்கி வீங்கியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. பல்லிடுக்கில் பையின் நெஞ்சுப்பட்டை விசில். "எங்கிருந்து வர்றீங்க? தனியாவா வந்தீங்க?" என்று வழிகாட்டி கேட்டதற்கெல்லாம் பற்கள் மட்டும்தான் கடகடவென்று பதில் சொல்லின.

மாறி மாறி முதுகில் சுமந்தார்கள். கொட்டேஷனும் சுமந்தார். அவருடைய வாழ்க்கையில் கூலி பேசாமல் சுமந்த முதல் சுமை அதுதான். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் நெஞ்சுக்குள் என்னவோ பொங்கிப் பொங்கி வந்தது. பொய்யாகக் காட்டிய திசையில் நிஜமாக ஓர் உயிர் கிடைத்திருக்கிறது. இது சாமானிய விஷயமா?

விடுதிக் கூடத்தில் அந்த ஆளைக் கணப்படுப்புப் பக்கத்தில் படுக்க வைத்து, இருந்த கம்பளியையெல்லாம் போட்டு மூடினார்கள். அவர் கண் சொருகி, நடுங்கிக்கொண்டே கிடந்தார். பல் டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தும் பார்த்தார். "பல்லெல்லாம் உறுதியா இருக்கு. பொழைச்சுக்குவார்" என்றார். மனைவி தன் சால்வையை எடுத்து, எல்லார் முன்னாலும் கொட்டேஷனின் தலையைத் துவட்டிவிட்டாள்.

விடுதிக்கார அம்மா ஒரு தட்டு நிறையச் சாப்பாட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "இன்னிக்கு உங்களுக்கு என் செலவு சார். காசு குடுத்தீங்கன்னா எனக்குக் கோபம் வரும்."

அந்த அம்மாவைக் கோபப்படுத்த அவருக்கு மனம் வரவில்லை. ஒரு தட்டு முடித்து இன்னொன்றும் வாங்கிக்கொண்டார்.

"வயிறு?" என்றாள் மனைவி.

"மலை ஏறினதுல சரியாயிடுச்சு."

இரண்டாவது தட்டு பாதியில் இருந்தபோது, கொட்டகைக்கு விறகு எடுக்கப் போன விடுதிக்கார அம்மா திரும்பி வந்தாள். கையில் குக்கர்.

"ஆடுங்க எல்லாம் பனியைத் தோண்டிக்கிட்டு இருந்துச்சு. என்னடான்னு பார்த்தா, உள்ளே இது. இன்னும் வெதுவெதுப்பா இருக்கு. யாரோடது?"

மனைவி குக்கரைப் பார்த்தாள். உடைந்த பிடியில் அவள் கையால் சுற்றிய பச்சைக் கம்பியைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். எழுந்து போய்த் தன் பையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, நான் கிளம்பறேன். எங்க அண்ணன் வீட்டுக்கு வழி எனக்குத் தெரியும்."

இனி அவ்வளவுதான். கணவாயும் போயிற்று, அவளும் போகப்போகிறாள். அவள் இல்லாத வீட்டுக்கு அந்தக் குக்கரையும் தூக்கிக்கொண்டு தனியாக இறங்குவதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார் கொட்டேஷன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நில்லு! நான் சொல்றதைக் கேட்டுட்டுப் போ. ஆமா, அது என் குக்கர்தான். யாருக்கும் குடுக்கலை. வயித்து வலியும் பொய். விசில் அடிச்சதும் அதுதான், கடைசி மூச்சு விட்டதும் அதுதான். உன் தலையில அடிச்ச சத்தியத்தை நான் மீறினேன், ஒத்துக்கறேன்." ஒரு மூச்சு இழுத்தார். அப்போதுதான் அவருக்கே அந்த யோசனை உதித்தது. குரல் தானாக உயர்ந்தது. "ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தக் குக்கர் விசில் அடிக்கலைன்னா நாங்க மேலே போயிருப்போமா? போகலைன்னா இந்த மனுஷன் இப்போ எங்கே கிடப்பார்? சொல்லுங்க!"

கூடம் யோசித்தது.

"அட, ஆமா சார்" என்றான் வழிகாட்டி.

"நாம சூப்தானே குடிச்சுக்கிட்டு இருந்திருப்போம்?" என்றார் பல் டாக்டர். பிறகு கை தட்டினார். வழிகாட்டியும் தட்டினான். விடுதிக்கார அம்மா குக்கரை இன்னொரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, அதைக் கொண்டுபோய்ப் பெரிய மேசையின் நடுவில் வைத்தாள்.

"என் விடுதியில வெளிச் சமையல் கூடாதுதான். ஆனா உசிரைக் காப்பாத்தினதை வெளியே போடுன்னு சொல்ல எனக்கு மனசு வரலை" என்றாள்.

மனைவி பைப்பட்டையைப் பிடித்தபடி கதவருகே நின்றிருந்தாள். கோபத்தை இழுத்து இழுத்துப் பிடித்தும் உதடு கேட்கவில்லை. சிரித்துவிட்டாள்.

"உங்க கஞ்சத்தனத்தாலயும் ஒரு உசிரு பொழைச்சிருக்கு பாருங்க. ஊர்ல சொன்னா எவன் நம்புவான்?" பையை இறக்கிக் கீழே வைத்தாள். "சரி, விடுங்க. நாளைக்குக் கணவாய்க்கு அதையும் தூக்கிட்டு வாங்க. அதுவும் அந்தப் பக்கத்தைப் பார்க்கட்டும்."

அந்தச் சிரிப்பைக் கொட்டேஷன் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில், முதல் சம்பளத்தில் விலையே கேட்காமல் அவளுக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்தபோது சிரித்த சிரிப்பு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் கொட்டேஷன் கேட்கவே மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். குறைந்தபட்சம் இந்தப் பயணத்தில்.

விடுதிக்கார அம்மா குக்கரைத் திறந்தாள். பருப்பு வாசம் கூடமெல்லாம் பரவியது. முதல் கரண்டியை அந்த ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். கொட்டேஷனே ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய், அவர் தலையைத் தூக்கிப் பிடித்து, மெல்ல ஊட்டிவிட்டார். இரண்டு வாய் உள்ளே போனதும் அந்த ஆளின் பல் கடகடப்பு நின்றது. கண்ணைத் திறந்தார். சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ரொம்ப நன்றிங்க" என்றார். "அந்த விசில் அடிச்ச மனுஷன் கிடைச்சாரா? அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானே, மேல் விடுதியில காலை நீட்டி உக்காந்திருந்த நாங்க அத்தனை பேரும் தேடி இறங்கினோம்... ஆமா, என்கூட வந்த மத்தவங்க எல்லாம் எங்கே?"